தொழில் நின்ற வீட்டில் மனச்சோர்வு: கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். வேலை போனது, மாறியது, அப்புறம் வந்த மனச்சோர்வு பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண்: அக்கா, படகு பிடிபட்டதிலிருந்து ஏழு மாதமாக வீட்டுக்காரருக்குத் தொழில் இல்லை. விடியக்காலை மூணு மணிக்கே முழித்துச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார். சேக்காளிகள் கூப்பிட்டாலும் கரைப்பக்கம் போவதில்லை. சோம்பேறி என்கிறார் மாமியார்.

சோம்பேறி நன்றாகத் தூங்குவார், தங்கச்சி. இப்படி இரண்டு வாரம் நீடித்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் வீட்டில் ஏழு மாதம் ஆகிவிட்டது.

வருமானம் மட்டும் போகவில்லை. எந்த நாள் கடல், எந்த நாள் வலை வேலை என்று அவருடைய வாரத்தையே தொழில்தான் பிரித்துக் கொடுத்தது. 1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியென்தால் கிராமத்தில் துணி ஆலை மூடியபின், சமூக உளவியல் ஆய்வாளர் மரீ யஹோதாவும் கூட்டாளிகளும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். நேரம் கொட்டிக்கிடந்தும் ஆண்கள் தெருவில் தயங்கித் தயங்கி நடந்தார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். பாம்பனில் நான் பார்த்த ஒருவருக்கு உள்ளங்கையில் கயிறு இழுத்த காய்ப்பு உரிந்துகொண்டிருந்தது. அதைத் தடவியபடியே, "இதுவும் போயிருச்சுன்னா நான் யாரு?" என்றார்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்களும் கூடவே போங்கள். வேலை தேடச் சொல்லி விரட்டாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட என்று ஒரு வேலையை அவரிடம் கொடுங்கள். "செத்துப்போகலாம்" என்று வாய்விட்டால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

கீழக்கரையிலிருந்து ஒருவர்: மேடம், துபாயில் வேலை போய் ஊர் வந்துவிட்டேன். நெஞ்சு படபடக்கிறது, ஈசிஜி சரியாக இருக்கிறது. மனநல மாத்திரை பழகிவிடுமாமே? உம்மா ஏர்வாடி தர்காவுக்குப் போகச் சொல்கிறார்.

காக்கா, மனச்சோர்வுக்கான மாத்திரை அடிமையாக்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலர் அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். குணமான பின்னும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். படபடப்பு இருப்பதால் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

உம்மா துவா செய்யட்டும், மருந்தும் நடக்கட்டும். சங்கிலி மட்டும் எவருக்கும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத் தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

மண்டபத்திலிருந்து: தம்பி திருப்பூரில் மூன்று கம்பெனி மாறிவிட்டான். நிலையில்லாத பயல் என்கிறோம்.

முதலில் மனச்சோர்வு வந்து, அதனால் வேலை போவதும் உண்டு. கவனம் நிற்காது, காலையில் எழ முடியாது, லீவு கூடும். தூக்கமும் சாப்பாடும் எப்போதிலிருந்து கெட்டது என்று கேளுங்கள். முதல் கம்பெனியை விடுவதற்கு முன்பே என்றால் சிகிச்சைதான் முதல் வேலை.

தொண்டியிலிருந்து: மீன்பிடித் தடைக்காலத்தில் அண்ணன் ஒரே குடி. இதுவும் மனச்சோர்வுதானா?

தடை 61 நாள். ஜூன் 14-ல் முடியும் என்று தெரிவதால் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் குடி மனச்சோர்வைக் கூட்டும். இப்போதே பேச்சுக் கொடுங்கள். மற்ற படகெல்லாம் கிளம்பியும் அவர் படுத்தே கிடந்தால், மறுநாளே அழைத்து வாருங்கள்.