படை அதிகாரிகளின் நீர்வர்ணம்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படை அதிகாரிகள் பலர் நீர்வர்ண ஓவியம் தீட்டியது ஏன்? (வாசகி, சுன்னாகம்)

பதில்: முதலில் அது தொழிற்பயிற்சி, பொழுதுபோக்கானது பின்னர்தான். 1839இல் ஒளிப்படக்கலை அறிமுகமாகும் வரை, எதிரியின் கோட்டையையும் மேட்டுநிலத்தையும் மேலிடத்துக்குக் காட்டக் கைவரைவே வழியாக இருந்ததால், இங்கிலாந்தின் வூல்விச் இராணுவக் கழகத்தில் சித்திரம் ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டது. சிறந்த நீர்வர்ண ஓவியரான போல் சான்ட்பி 1768 முதல் 1796 வரை அங்கு ஆசிரியராக இருந்தார். எண்ணெய் வர்ணம் காய்வதற்கு நாட்கள் வேண்டும். நீரில் கரைத்துத் தீட்டும் வில்லை வர்ணமோ சிறு பெட்டியில் அடங்கும். பென்சிற் கோட்டின்மேல் மெல்லிய சாம்பல் நிறத்தைப் பரப்பி, நிழல் நகருமுன் படத்தை முடித்துவிடலாம். நமது யாழ்ப்பாணக் கோட்டை அகழியோரம் ஒரு மாலையில் அமர்ந்து நீங்களும் தீட்டிப் பாருங்கள்: வெயில் படும் பவளக்கல் மதிலின் வெண்மைக்கு வர்ணமே வேண்டாம், தாளை அப்படியே விட்டாலே போதும்.