எம்.எஸ்.வி. பிறந்தநாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அடுக்ககத்தின் பொது அறையில், வரும் ஜூன் 24 அன்று எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தநாளைப் பாட்டுக் கேட்டுக் கொண்டாடப் போகிறோம். ஒருவரிடம் பழைய இசைத்தட்டுகளும் ரெக்கார்ட் பிளேயரும் இருக்கின்றன. நாற்பது பாடல்கள் குறித்திருக்கிறோம். வேறென்ன கவனிக்க வேண்டும்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பட்டியலைக் குறையுங்கள். நாற்பது பாட்டு ஓடவே இரண்டரை மணி நேரம் ஆகும். பாதியிலேயே கூட்டம் அரட்டைக்குப் போய்விடும். பதினான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு நிமிடம் பேசுங்கள்: படம், வருடம், எழுதியவர், பாடியவர், எந்த வாத்தியத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது. ஒன்றரை மணி நேரத்தில் நிறைவாக முடியும்.

இரண்டாவது, எனக்கு மிக முக்கியமானது. 'பணம்' (1952) தொடங்கி 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) வரை இரட்டையராக அவர்கள் இசையமைத்தவை விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவருக்கும் சொந்தம். 'பாசமலர்', 'காதலிக்க நேரமில்லை' பாடல்களைப் போட்டுவிட்டு எம்.எஸ்.வி. பெயரை மட்டும் சொல்வது பெரிய அநியாயம். வயலின் மேதையான ராமமூர்த்தி உங்கள் ஊர்க்காரர். திருச்சியிலேயே அவர் பெயர் விடுபடக் கூடாது. 1965-ஐ எல்லையாக வைத்துப் பட்டியலைப் பிரியுங்கள். முன்பாதியில் 'கலைக்கோவில்' (1964) கட்டாயம் இருக்கட்டும், சிட்டிபாபுவின் வீணைக்காக. பின்பாதிக்கு 'அன்பே வா' (1966), 'அவள் ஒரு தொடர்கதை' (1974), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) என்று போனால் வாத்தியக் குழுவின் ஒலி மாறிக்கொண்டே வருவது தெரியும். கண்ணதாசனுக்கும் அதே ஜூன் 24தான், எம்.எஸ்.வி.க்கு ஒரு வருடம் மூத்தவர் (1927). அவருடைய ஒரு பாடலின் வரிகளை யாராவது நிதானமாக வாசித்த பிறகு அதை ஒலிக்க விடுங்கள்.

இசைத்தட்டுகளுக்கு வருவோம். லேபிளில் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று இருந்தால், நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கான ஊசியை வைக்காதீர்கள். 78-இன் பள்ளம் அகலமானது, அதற்கு 3 மில் ஊசி வேண்டும் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்.பி. ஊசி 1 மில் அல்லது அதற்கும் குறைவு. அது பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கையும் தேய்மானத்தையும்தான் வாசிக்கும், பாட்டைவிட இரைச்சல் கூடுதலாகக் கேட்கும். சில பிளேயர்களில் ஊசியைத் திருப்பிப் போடும் சிறு நெம்பு இருக்கும், பாருங்கள். 78 தட்டுகள் பெரும்பாலும் அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், பாட்டு போய்விடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். அந்தக் காலத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், கரகரப்பு கணிசமாகக் குறையும்.

கிடைக்காத பாடல்களை இணையத்திலிருந்து எடுத்தால், புது டிரம்ஸ் சேர்த்த 'ஸ்டீரியோ' வடிவங்களை ஒதுக்குங்கள். பழைய தபலாவும் பாங்கோஸும் அதில் அமுங்கிப்போகும். வேகத்தையும் சரிபாருங்கள். ஆறு சதவீதம் பிசகினால் சுருதி அரைக்கட்டை நகர்ந்துவிடும், பாடகரின் குரலே வேறாகக் கேட்கும். எல்லாப் பாடல்களையும் முன்தினமே அந்த அறையில் ஓட்டி, ஒலியளவைக் காதால் சமன் செய்து வையுங்கள்.

டிக்கெட் வைக்க வேண்டாம். குடியிருப்போரின் பொது அறையில் அவர்களுக்காகவே பதிவுகளை ஒலிக்கவிடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. வெளியே மண்டபம் எடுத்துக் கட்டணம் வசூலித்தால் உரிமம் வாங்க வேண்டியிருக்கும்.