கதை எழுதினா சாவுலயே போய் முடியுதே?

கேள்வி: அக்கா, நான் கூடலூர் பக்கம் எஸ்டேட்ல இருக்கேன், பால்வாடி பிள்ளைங்களுக்கு நானே கதை எழுதி சொல்லுவேன். எங்கம்மா சின்னப்பிள்ளையில சிலோன்லருந்து ராமேஸ்வரத்துக்கு கப்பல்ல வந்தவங்க, காலம்பூரா கொழுந்து பறிச்சு எங்களை ஆளாக்குனாங்க, போன ஐப்பசியில தவறிட்டாங்க. அதுலருந்து எந்தக் கதை எழுதினாலும் யாராச்சும் செத்துப்போறாங்க. கஷ்டப்பட்டாத்தான் நல்ல எழுத்து வரும்னு சொல்றாங்களே, நிஜமாக்கா?
- ஒரு வாசகி

பதில்: அப்படி சொல்றவங்களை நம்பாதீங்கம்மா. கஷ்டம்தான் எழுத வைக்கும்னா உங்க எஸ்டேட் லயன் வீடுங்கள்ல வீட்டுக்கு ஒருத்தர் எழுதிட்டு இருக்கணும், நாள் முழுக்க சரிவுல நின்னு கொழுந்து பறிச்சிட்டு வர்ற கைக்கு பேனா புடிக்க ஏது தெம்பு.

டென்மார்க்ல ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன்னு ஒருத்தர், குட்டி கடல்கன்னி கதை எழுதினவரு. அப்பா செருப்பு தைக்கிறவர், 1816-ல அவர் செத்தப்போ பையனுக்கு 11 வயசு, அம்மா ஊர்த்துணி துவைச்சு பிழைச்சாங்க. எல்லாரும் இந்தக் கஷ்டத்தைத்தான் சொல்லுவாங்க, எனக்கு பெருசா படறது வேற. அந்த அப்பா இருந்தவரைக்கும் பையனுக்கு ஆயிரத்தொரு இரவுகள் படிச்சு காட்டியிருக்காரு, பொம்மை நாடக மேடை செஞ்சு குடுத்திருக்காரு. அப்பா போயிட்டாரு, கேட்ட கதை பையன்கிட்டயே தங்கிருச்சு.

அவங்கம்மாவை சின்ன வயசுல பிச்சை எடுக்க அனுப்பினாங்களாம், அது பாலத்தடியில உக்காந்து அழுதுச்சாம். 1845-ல வந்த தீப்பெட்டி விக்கிற பொண்ணு கதையில அந்தம்மாதான் இருக்காங்க. அந்தப் பொண்ணும் கடைசில செத்துத்தான் போறா, அதனால சாவு வருதேன்னு பதறாதீங்க. ஆனா ஒவ்வொரு குச்சியா உரசும்போது அவளுக்கு என்ன தெரியுதுனு பாருங்க, சூடான அடுப்பு, வறுத்த வாத்து, ஜோடிச்ச கிறிஸ்துமஸ் மரம், அப்புறம் அவளோட பாட்டி. பிள்ளைங்க மனசுல நிக்கிறது அதுதான்மா.

அவசரமும் வேண்டாம். இங்கிலீஷ்ல பிள்ளைங்க கதை எழுதின ரோல்ட் டால் தன்னோட 7 வயசு மகள் ஒலிவியாவை 1962-ல தட்டம்மைக்கு பறிகுடுத்தாரு, தூங்கற பிள்ளைங்களுக்கு நல்ல கனவை ஊதிவிடற ராட்சசன் கதையை அந்தப் பொண்ணுக்குன்னு சமர்ப்பணம் போட்டு கொண்டு வந்தது 1982-ல. இருபது வருஷம்.

உங்கம்மா போனதை இப்போ எழுத வேண்டாம், அவங்க வந்ததை எழுதுங்க. சிலோன் தோட்டத் தமிழர்களை இங்க அனுப்ப ரெண்டு நாடும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் அப்படி கப்பலேறி வந்தவங்களோட பேரப்பிள்ளைங்க உங்க பால்வாடியிலயே உக்காந்திருக்கும். பெட்டியில என்ன எடுத்துட்டு வந்தாங்க, கப்பல்ல யார் மடியில தூங்கினாங்க, கூடலூர் வந்து முதல்ல பாத்த யானை எங்க நின்னுச்சு, இதெல்லாம் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கல்ல? அவங்க பேசின மாதிரியே ஒரு நோட்டுல எழுதி எனக்கு அனுப்புங்க, படிக்க காத்துட்டு இருக்கேன்.