கிளெய்மே வரவில்லை, மருத்துவக் காப்பீட்டை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. நான், மனைவி, இரண்டு குழந்தைகள் என நான்கு பேருக்கும் சேர்த்து ஏழு வருடமாக மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் கட்டுகிறேன். இதுவரை ஒரு கிளெய்ம்கூட இல்லை. கட்டியதெல்லாம் போனதுதான். இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டு அதே பணத்தை முதலீடு செய்தால் என்ன? இன்னொன்று, வரியும் கட்டுகிறோமே, மருத்துவச் செலவை அரசே ஏற்க வேண்டாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 50-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதை ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் முதலீடு செய்து, வருடத்துக்கு 10 சதவீதம் தவறாமல் வளர்ந்தாலும், காப்பீட்டுத் தொகை அளவுக்குப் பணம் சேர 18 வருடம் ஆகும். அப்போது உங்களுக்கு 54 வயது. அதற்குள் சிகிச்சைச் செலவும் ஏறியிருக்கும். பெரிய நோய் மூன்றாவது வருடமே வந்தால் கையில் என்ன இருக்கும்? ஏழு வருடம் கிளெய்ம் இல்லாமல் போனதை நஷ்டமாக எழுதாதீர்கள். அந்த ஏழு வருடமும் உங்கள் சேமிப்பு பாதுகாப்பில் இருந்தது.

பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-ல் எழுதிய ஒரு கட்டுரையில் மருத்துவம் மற்ற சந்தைகளைப் போல இல்லை என்று விளக்கினார். நோய் எப்போது வரும் என்று தெரியாது. வந்தபின் எந்தச் சிகிச்சை பலன் தரும் என்பதிலும் உறுதி இல்லை. தேவையானது எது என்று சொல்பவரும் அதைச் செய்பவரும் ஒரே மருத்துவர்தான். வலியோடு படுத்திருப்பவர் நான்கு இடத்தில் விலை விசாரிக்க முடியாது. ‘செலவு வரும்போது சமாளித்துக்கொள்ளலாம்’ என்ற திட்டம் இங்கேதான் உடைந்துபோகிறது.

ஒரு சோதனையையும் சொல்ல வேண்டும். 2008-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தில் இருந்த குறைந்த இடங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தது. இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட ஆய்வாளர்களுக்கு அரிய வாய்ப்பு. சுமார் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகளில் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆனால் மனச்சோர்வு குறைந்திருந்தது. குடும்பத்தையே முடக்கும் அளவுக்கான மருத்துவச் செலவு கிட்டத்தட்ட ஒழிந்திருந்தது. காப்பீட்டின் முதல் வேலை வீட்டின் பணத்தைக் காப்பது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சரி, அரசு ஏற்க வேண்டாமா? என் கருத்தில் கட்டாயம் ஏற்க வேண்டும். உங்களைப் போல ஆரோக்கியமானவர்கள் ஒவ்வொருவராக விலகினால், மிச்சம் இருப்பவர்களில் நோயாளிகளே அதிகம் இருப்பார்கள். பிரீமியம் ஏறும், இன்னும் சிலர் விலகுவார்கள், மறுபடி ஏறும். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இந்தச் சிக்கலை விளக்கியபோது, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் கடினம் என்பதையும் அதே கட்டுரையில் சொன்னார். இதற்கு நல்ல மருந்து எல்லோரையும் ஒரே தொகுப்புக்குள் கொண்டுவருவது. ஜெர்மனி 1883-ல் தொழிலாளர்களுக்குக் கட்டாயக் காப்பீடாகத் தொடங்கியது. பிரிட்டன் 1948-ல் வரிப்பணத்தில் எல்லோருக்கும் மருத்துவம் கொடுத்தது. பணக்கார நாடாக இல்லாத தாய்லாந்தே 2002-ல் இதைச் செய்துகாட்டியது. அரசிடம் கேளுங்கள், உரக்கவே கேளுங்கள். ஆனால் அது வரும்வரை உங்கள் வீட்டைக் காப்பில்லாமல் வைக்காதீர்கள்.

பிரீமியம் சுமையாக இருந்தால் குறைக்க வழி உண்டு. ஒரு குறிப்பிட்ட தொகை வரையான செலவை நீங்களே ஏற்கும் டிடக்டிபிள் உள்ள பாலிசிக்கு மாறலாம். காப்பீட்டுத் தொகையை மட்டும் குறைக்காதீர்கள். டிடக்டிபிள் அளவுக்கான பணத்தை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் தனியாக வையுங்கள். அது இல்லாமல் டிடக்டிபிள் எடுப்பது ஆபத்து. 1974 முதல் 1982 வரை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய பெரிய சோதனையில், கைக்காசு போடவேண்டியிருந்தவர்கள் மருத்துவத்துக்குக் குறைவாகச் செலவழித்தார்கள். பெரும்பாலானவர்களின் உடல்நலம் அதனால் கெடவில்லை. ஆனால் அவர்கள் தேவையற்றதோடு தேவையானதையும் சேர்த்தே தவிர்த்தார்கள். ரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு இலவச சிகிச்சையே நல்லது செய்தது. உங்கள் வீட்டில் யாராவது தினமும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் டிடக்டிபிளைச் சிறியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் காப்பீடு இருக்கிறதே என்று தோன்றலாம். வேலை போனால் பெரும்பாலும் அதுவும் போய்விடும், அதுவும் வருமானம் இல்லாத நேரத்தில். சொந்த பாலிசியை விட்டுவிட்டுப் பிறகு திரும்பிவந்தால் வயதுக்கேற்ற கூடுதல் பிரீமியம், புதிய காத்திருப்புக் காலம், இடையில் வந்த நோய்களுக்கு நிபந்தனைகள் என்று பலவும் சேரலாம். ஆகவே புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே பாலிசியை எடுத்து அறை வாடகை வரம்பு, கோ-பே (ஒவ்வொரு பில்லிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு), விலக்கப்பட்ட நோய்கள் ஆகிய மூன்றையும் படியுங்கள். வேறு நிறுவனத்துக்கு மாறுவதாக இருந்தால், புதிய பாலிசி கையில் வந்தபிறகே பழையதை விடுங்கள்.