ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ்: கருவுக்கு ஆபத்தா?

கேள்வி: எனக்கு வயது 27. முதல் கர்ப்பம், பத்தாவது வாரம். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நாத்தனாரின் மகனுக்குக் காய்ச்சலும் உடம்பெங்கும் சிவந்த பொரியும் வந்தன. நான்காம் நாள் இரத்தம் கொடுத்தேன். ரூபெல்லா ஐஜிஜி 68 என்றும் பாசிட்டிவ் என்றும், ஐஜிஎம் நெகட்டிவ் என்றும் அறிக்கை வந்தது. குழந்தை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடுவது நல்லது என்று உறவினர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கருவைக் கலைக்க உங்கள் அறிக்கையில் எந்தக் காரணமும் இல்லை. காய்ச்சலும் பொரியும் தரும் வைரஸ் தொற்றான ரூபெல்லாவைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி.

பாசிட்டிவ் என்ற சொல்லைக் கண்டதும் நோய் இருப்பதாக எண்ணிவிடுகிறோம். ஐஜிஜி என்பது முன்பு எப்போதோ வந்துபோன தொற்றாலோ போட்டுக்கொண்ட தடுப்பூசியாலோ உடலில் தங்கிவிட்ட எதிர்ப்பொருள். பல ஆய்வகங்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 10 சர்வதேச அலகுகளைப் பாதுகாப்பின் எல்லையாகக் கொள்கின்றன. உங்களுடையது அதற்கு வெகு மேலே இருக்கிறது. ரூபெல்லா கிருமி உடலுக்குள் நுழைந்து பொரி வெளிப்பட இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகும் என்பதாலும், புதிய தொற்றுக்கான எதிர்ப்பொருள் நான்கே நாளில் உருவாகிவிடாது என்பதாலும், நீங்கள் இரத்தம் கொடுத்த நாளில் இருந்த ஐஜிஜி அந்தச் சிறுவனைச் சந்திப்பதற்கு முன்பே உங்களிடம் இருந்தது என்றே கொள்ள வேண்டும். இதனால்தான் முடிவைப் படிக்கும்போது இரத்தம் எடுத்த தேதியையும் சேர்த்துப் படிக்கிறோம்; இதே இரத்தம் ஐந்து வாரம் கழித்து எடுக்கப்பட்டிருந்தால் இவ்வளவு உறுதியாக நான் எழுத முடியாது.

உங்கள் உறவினரின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையுடன் வந்த குழந்தைகளின் தாய்மார் பலருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்ததை 1941-இல் கண்டுரைத்தார். எதிர்ப்பாற்றல் இல்லாத பெண்ணுக்கு முதல் 12 வாரங்களுக்குள் இத்தொற்று வந்தால் கண், இதயம், செவி ஆகியவற்றில் குறை ஏற்படும் வாய்ப்பு மிக அதிகம். 20 வாரங்களுக்குப் பிறகு அது அரிது. அவர்கள் சொல்லும் ஆபத்து எதிர்ப்பாற்றல் இல்லாதவருக்கு உரியது, உங்களுக்கு உரியதன்று.

ஐஜிஜி நெகட்டிவாக இருந்திருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் பரிசோதித்திருப்போம். புதிய தொற்றின்போது முதலில் தோன்றும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் பாசிட்டிவாக வந்திருந்தாலும் அதை மட்டும் நம்பிக் கலைக்கச் சொல்ல மாட்டோம். அது வேறு காரணங்களாலும் தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். அந்நிலையில் ஐஜிஜி எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்று அளக்கும் அவிடிட்டி பரிசோதனை, தொற்று பழையதா புதியதா என்று சொல்ல உதவும்.

எனக்கு எஞ்சியுள்ள கவலை வேறு. அந்தச் சிறுவனுக்கு வந்தது ரூபெல்லாதான் என்று யார் உறுதி செய்தார்கள்? தட்டம்மை, சின்னம்மை, கன்னம் சிவக்கச் செய்யும் பார்வோ வைரஸ் ஆகியவற்றிலும் பொரி உண்டு. ரூபெல்லா எதிர்ப்பாற்றல் இவற்றுக்கு எதிராக உதவாது. சிறுவனைப் பார்த்த மருத்துவரிடம் கேட்டு, உங்களுக்குச் சின்னம்மை முன்பு வந்ததுண்டா என்பதையும் சேர்த்து, உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் தாமதிக்காமல் சொல்லுங்கள். சிலவற்றுக்குக் குறிப்பிட்ட நாட்களுக்குள் கொடுத்தால் மட்டுமே பயன்தரும் ஊசிகள் இருக்கின்றன.

வாசலில் வேப்பிலை கட்டிச் சிறுவனைத் தனியே படுக்க வைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். ஒதுக்கி வைப்பது சரியே. ஆனால் ரூபெல்லா பொரி தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பரவுவதால், வேப்பிலை கட்டும் நேரத்தில் அது ஏற்கெனவே வீட்டைச் சுற்றி வந்திருக்கும். எனவே கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசிதான் நம்பகமான காப்பு. தமிழ்நாட்டில் 2017-இல் நடந்த தட்டம்மை–ரூபெல்லா முகாம் 15 வயதுக்குட்பட்டோருக்கானது. உங்கள் வயதினர் அதில் இடம்பெற்றிருக்க மாட்டார்கள். உங்கள் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தடுப்பூசி போட்டதற்கான சான்று இல்லையெனில் அவர் இப்போதே போட்டுக்கொண்டு, அதன்பின் ஒரு மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆனதால் கர்ப்பிணிகளுக்கு அதைப் போடுவதில்லை. அறியாமல் போட்டுக்கொண்டவர்கள் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதும் இல்லை. உங்களுக்கு அந்த ஊசி இப்போது தேவையில்லை. வழக்கமான ஸ்கேன்களை மட்டும் உரிய வாரங்களில் எடுத்துக்கொள்ளுங்கள்.