நொண்டுகிற கால் மாறிக்கொண்டே இருந்தால் அது நடிப்பு இல்லை

கேட்டது: "ஏழு மாத லாப்ரடார் குட்டி. போன வாரம் முன்னங்கால், இந்த வாரம் பின்னங்கால் நொண்டுகிறான். வளர்ச்சி வலி, தானாகப் போய்விடும் என்கிறார்கள். கால்சியம் கொடுக்கலாமா?"

முதலில் அந்தக் கால்சியம் பாட்டிலை எடுத்து ஓரமாக வையுங்கள். இந்நேரம் வாங்கியிருப்பீர்கள், ஏனென்றால் நானும் வாங்கினேன்.

எங்கள் வீரா ஜெர்மன் ஷெப்பர்ட். நாங்கள் இருப்பது பெங்களூரு ராமமூர்த்தி நகரில், மூன்றாவது மாடி. ஏழு மாதத்தில் 28 கிலோ இருந்தான். ஒரு நாள் காலையில் எழுந்தவன் இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றவே இல்லை. முள் ஏதாவது குத்தியிருக்குமோ என்று விரலிடுக்கெல்லாம் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இரண்டு நாளில் சரியானான். அடுத்த வாரம் வலது பின்னங்கால். அது தேறுவதற்குள் இன்னொரு முன்னங்கால். "வாக்கிங் வரச் சோம்பல், நடிக்கிறான்" என்றார் என் கணவர், நானும் நம்பினேன். ஒரு சாயங்காலம் கேட் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான், "எழுந்திருடா, டிராமா போடாதே" என்று நான் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டே மூன்று காலில் என் பின்னால் வந்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அப்போது அம்மா ஆம்பூரிலிருந்து வந்திருந்தாள். கண் பட்டிருக்கிறது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். எலும்பில் சத்து இல்லை என்று காலையில் ராகிக் கூழ், மத்தியானம் முட்டை ஓட்டைக் காயவைத்து மிக்ஸியில் பொடித்துத் தயிர் சாதத்தில். போதாததற்கு நாய்த் தீனி விற்கிற கடைக்காரர் கொடுத்த கால்சியம் சிரப், வேளைக்கு இரண்டு மூடி. அம்மாவைக் குறை சொல்லவில்லை, எங்கள் நாலு பேரையும் அப்படித்தான் வளர்த்தாள்.

அப்புறம்தான் டாக்டரிடம் போனோம். வீராவைச் சாய்த்துப் படுக்கவைத்து, அந்த டாக்டரம்மா தோளிலிருந்து முழங்கை வரைக்கும் எலும்பின் மேலேயே கட்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே வந்தார். மூட்டில் இல்லை, நடு எலும்பில். ஒரு இடம் வந்ததும் வீரா வீலென்று கத்தினான், கத்திவிட்டு உடனே அவர் கையை நக்கினான். எக்ஸ்ரேயில் எலும்பின் உள்பக்கம் கருப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு அடைத்த மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. பேனோஸ்டியைடிஸ் என்று பெயர், வளர்ச்சி வலி என்று சொல்வது இதைத்தான். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு ஐந்தாறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் வருவது, ஜெர்மன் ஷெப்பர்டில் ரொம்ப சகஜம், ஆண் குட்டிகளுக்கு அதிகம். ஒரு எலும்பில் சில நாளோ இரண்டு மூன்று வாரமோ இருந்து, அதை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும். நாங்கள் நடிப்பு என்று நினைத்தது இதைத்தான்.

ஆகவே வளர்ச்சி வலி என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அந்தப் பெயர் கிடைத்தது எக்ஸ்ரேவும் ரத்தப் பரிசோதனையும் முடிந்த பிறகு. எப்போதும் ஒரே கால் நொண்டினால் முழங்கை மூட்டுக் கோளாறாக இருக்கலாம். முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்து வைத்து ஓடினால் இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும், லாப்ரடாருக்கு இந்த இரண்டுமே வரும். காய்ச்சலோடு முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேலே வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் கால் மாறி மாறி நொண்டும், ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால்தான் தெரியும்.

என்ன சாப்பாடு என்று கேட்ட டாக்டரம்மா, நான் சொல்லச் சொல்ல எழுதுவதை நிறுத்திவிட்டார். சின்னக் குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளத் தெரியாது, கொடுப்பதில் பெரும் பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது அதிகமானால் குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறாது, பெரிய ஜாதிக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்தினோம். பெரிய ஜாதிக் குட்டிக்கென்று வரும் தீனி மட்டும், அதுவும் அளந்து.

நான் டாக்டர் இல்லை. கால்சியம் இல்லாமல் எலும்பு எப்படி வளரும் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: தீனியிலேயே வேண்டியது இருக்கிறது, அதற்கு மேல் ஊற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். வீட்டுச் சமையல் மட்டுமே போடுகிறவர்கள் அளவை டாக்டரிடம் கேளுங்கள். நாட்டு நாய் வளர்த்திருக்கலாமே என்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன், ஆனால் வீரா வீட்டுக்கு வந்துவிட்டான், அவனை இனி என்ன செய்வது?

வலி மாத்திரையோடு, படி ஏறி இறங்க விடாதீர்கள் என்றும் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். எங்கள் அபார்ட்மெண்டில் நாய்க்கு லிஃப்ட் கிடையாது என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். நானும் கணவரும் பழைய பெட்ஷீட்டை ஆளுக்கொரு முனை பிடித்து, தூளி மாதிரி அவனை அதில் போட்டு, தினமும் மூன்று வேளை மூன்று மாடி இறங்கி ஏறினோம். லிஃப்டில் நாயைத் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து செயலாளரிடம் கொடுத்தேன், அடுத்த பொதுக்குழுவில் பேசலாம் என்றார். அந்தப் பொதுக்குழு முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, போர்டு அப்படியே இருக்கிறது. சோபாவை ஏற்றலாம், கேஸ் சிலிண்டரை ஏற்றலாம், கால் வலிக்கிற குட்டியை ஏற்றக் கூடாதாம். எந்த அபார்ட்மெண்டிலாவது இதற்கு எதிராகப் போராடி ஜெயித்திருந்தால் எப்படி என்று எனக்கும் சொல்லுங்கள்.

வீராவுக்கு இப்போது மூன்று வயது. ஒன்றரை வயதுக்குப் பிறகு ஒரு தடவைகூட நொண்டவில்லை.

உங்கள் குட்டிக்கு வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள், நாய்க்கு அது விஷம். எந்தத் தேதியில் எந்தக் கால் என்று காலண்டரில் குறியுங்கள். நாளைக்குக் காலையில் அவன் தூங்கி எழுந்து வைக்கிற முதல் நாலு அடியைப் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். வீரா அன்றைக்குக் கிளினிக் வாசலில் மற்ற நாய்களைப் பார்த்ததும் நாலு காலையும் நேராக ஊன்றித்தான் உள்ளே நடந்தான்.