ஏழு நாடுகள் வேண்டாம், மூன்று போதும்

கேள்வி: நான், கணவர், 7 வயது மகள், மாமியார் என நால்வரும் வரும் செப்டம்பரில் 12 இரவுகள் ஐரோப்பாவில் கார் எடுத்துச் சுற்ற நினைக்கிறோம். வெனிஸில் இறங்கி ஸ்லோவேனியா, குரோஷியா, ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வழியாகப் பாரிஸில் முடிப்பதாகத் திட்டம். கடலும் வேண்டும், ஆல்ப்ஸும் வேண்டும். கணவர் வால்பாறைச் சாலையில் பலமுறை ஓட்டியவர். மாமியாருக்கு மலை வளைவுகளில் தலைசுற்றும். திட்டம் சரியா?
– வாசகி, கோவை

பதில்: ஏழு நாடுகளையும் 12 இரவுகளில் கடந்துவிடலாம். ஆனால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நெடுஞ்சாலையாகத்தான் இருக்கும். பின் இருக்கையில் குழந்தையும் தலைசுற்றல் உள்ள பெரியவரும் இருக்கும்போது அந்த ஓட்டம் வேண்டவே வேண்டாம். ஒரு நாட்டில் எடுத்த வாடகைக் காரை வேறொரு நாட்டில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணமும் பெரிதாக வரும். இத்தாலி, ஸ்லோவேனியா, ஆஸ்திரியா மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெனிஸில் எடுத்த காரை வெனிஸிலேயே ஒப்படைக்கும் சுற்றுப்பாதையாக அமைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு இரவுகள் வெனிஸ். அங்கே காருக்கு வேலையே இல்லை. கிளம்பும் நாளில் எடுத்தால் போதும். அடுத்த மூன்று இரவுகள் ஸ்லோவேனியாவின் பிரான். அந்த நாட்டுக்கு இருக்கும் கடற்கரை மொத்தமே 50 கிலோமீட்டருக்கும் குறைவு. அதன் முனையில், பல நூற்றாண்டுகள் வெனிஸின் ஆட்சியில் இருந்த இந்தச் சிற்றூர் நிற்கிறது. பழைய ஊருக்குள் வெளியூர்க் கார்களை விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். கரை கல்லும் சிமெண்டுமாக இருக்கும், மகள் மணலில் விளையாட அருகிலுள்ள போர்டோரோஸ் நல்லது. செச்சோவ்லே உப்பளங்களையும் விட்டுவிடாதீர்கள். இன்றும் அங்கே கையால்தான் உப்பு வாருகிறார்கள்.

பிரானிலிருந்து மலைக்குப் போகும் வழியில் போஸ்தொய்னா குகை. உலகப் பாரம்பரியச் சின்னமான ஷ்கோச்சியான் குகையும் அருகில்தான், ஆனால் அங்கே படிகள் ஏராளம். போஸ்தொய்னாவில் குகைக்குள் பாதித் தொலைவுக்கு மேல் சிறு ரயிலிலேயே போகலாம் என்பதால் மாமியாருக்கு அதுவே பொருத்தம். கோடையிலும் உள்ளே 10 டிகிரிதான். ஸ்வெட்டரைக் கையோடு வைத்திருங்கள்.

அடுத்த மூன்று இரவுகளுக்கு எல்லோரும் பிளெட் ஏரியைச் சொல்வார்கள். நான் அதையும் தாண்டி போஹின் ஏரிக்குப் போகச் சொல்வேன். பெரிய ஏரி, கூட்டமும் குறைவு. அங்கிருந்து ரோப் காரில் ஏறினால் 1,500 மீட்டர் உயரத்தில் வோகல். ஒரு வளைவும் இல்லாமல் மாமியார் மலை உச்சிகளைப் பார்த்துவிடலாம்.

இனி உங்கள் கணவருக்கு. ஸ்லோவேனியாவின் வர்ஷிச் கணவாயில் 50 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறையைவிடப் பத்து அதிகம். முதல் உலகப் போரில் ரஷ்யப் போர்க் கைதிகளை வைத்துப் போட்ட சாலை அது. 1916-இல் பனிச்சரிவில் அவர்களில் பலர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்கள் கட்டிய சிறிய மரத் தேவாலயம் வழியிலேயே இருக்கிறது. அடிவார ஊரான கிரான்ஸ்கா கோராவிலிருந்து அந்தத் தேவாலயம் வரை குடும்பத்தோடு போய்த் திரும்புங்கள். அதற்கு மேலே கருங்கல் பாவிய வளைவுகள். மாமியாரை அங்கே கூட்டிப் போவது நியாயமில்லை.

வால்பாறை அனுபவம் கைகொடுக்கும்தான். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் கீழ் கியரில் இறங்குவது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் இடப்பக்கம். இது பழகும்வரை கார் தன்னையறியாமல் வலது ஓரத்துக்கே ஒதுங்கும். பக்கத்தில் உட்காரும் நீங்கள்தான் அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். முன்பதிவிலேயே ஆட்டோமேட்டிக் கியர் கேளுங்கள். கேட்காவிட்டால் கியர் மாற்றும் வண்டியே கிடைக்கலாம். குழந்தை இருக்கையும் கட்டாயம், அதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். மூன்று நாடுகளின் பெயரையும் நிறுவனத்திடம் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். டெபாசிட் பிடிக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். அதோடு அசல் லைசென்ஸ் அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

ஸ்லோவேனியாவிலும் ஆஸ்திரியாவிலும் நெடுஞ்சாலையில் ஏறும் முன்பே வினியெட் எனும் சாலை வரியைச் செலுத்திவிடுங்கள். அரசின் அதிகாரபூர்வத் தளத்தைத் தவிர வேறெங்கும் வாங்க வேண்டாம். இத்தாலியில் வினியெட் கிடையாது, சுங்கச்சாவடி உண்டு. அங்கே பழைய நகர மையங்களில் அனுமதியில்லாத கார் நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும், அபராதம் மாதக்கணக்கில் கழித்துக் கோவைக்கே வந்து சேரும். விடுதியை நகர மையத்துக்கு வெளியே பாருங்கள்.

பிறகு இத்தாலியின் தார்விசியோ வழியாக ஆஸ்திரியாவின் லியென்ஸ், இரண்டு இரவுகள். அங்கிருந்து ஒரு நாள் கிரோஸ்கிளாக்னர் மலைச்சாலை. 1935-இல் திறந்த 48 கிலோமீட்டர் சாலை; கணவாய் 2,504 மீட்டர் உயரத்தில். வினியெட் இதற்குச் செல்லாது, தனிக் கட்டணம். நீங்கள் முழுச் சாலையும் ஓட வேண்டியதில்லை. ஹைலிகன்பிளூட் ஊரிலிருந்து ஏறி, ஃபிரான்ஸ் யோசஃப் எனும் காட்சி மேட்டில் காரை நிறுத்தினால் ஆஸ்திரியாவின் மிகப் பெரிய பனியாறான பாஸ்டெர்ஸே எதிரே தெரியும். ஆண்டுதோறும் சுருங்கிவரும் பனியாறு அது. மகளுக்கு இப்போதே காட்டிவிடுங்கள். செப்டம்பர் கடைசியில் இங்கே பனி பெய்து சாலையை மூடுவதும் உண்டு. முதல் பாதியில் போவது நல்லது, இரண்டு நாட்களில் வானம் தெளிந்த நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மீதி இரண்டு இரவுகள் மீண்டும் இத்தாலியில், டோலமைட்ஸ் மலையடியில், டொப்பியாக்கோ ஊரில். அங்கிருந்து கோர்த்தினா வழியாக வெனிஸுக்கு இறங்கிவிடலாம்.

விசாவில் மட்டும் கவனமாக இருங்கள். இறங்குவது இத்தாலி என்பதால் இத்தாலிக்கு விண்ணப்பிக்கத் தோன்றும். ஆனால் இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். இந்தத் திட்டத்தில் ஸ்லோவேனியாவில் ஆறு இரவுகள், இத்தாலியில் நான்கு, ஆகவே ஸ்லோவேனியாவுக்கு. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு நால்வருக்கும் தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; மார்ச்சிலேயே தொடங்குங்கள்.